கவுண்டியைப் பேரிடர் பகுதியாக அறிவித்த பிறகு விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி இதுதான்: "டெக்ஸாஸ் வடகோடியில், அமரில்லோ பக்கத்தில் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. வறட்சியால் எங்கள் கவுண்டியைப் பேரிடர் பகுதியாக அறிவித்திருப்பதாக உள்ளூர்ப் பத்திரிகையில் படித்தேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் 40 மாடு வைத்திருக்கிறார். அவருக்குப் பணம் வருமா? யார் வந்து கணக்கெடுப்பார்கள்? எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். அங்கே நெல் மூழ்கினால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இங்கேயும் அப்படி உண்டா?"

தம்பி, பாதிப் பேர் ஏமாந்துபோகிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கவுண்டியை, அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியை, பேரிடர் பகுதியாக அறிவித்ததால் மட்டும் யாருக்கும் ஒரு டாலர்கூட வராது. அந்த அறிவிப்பால் கிடைப்பது கடன் கேட்கும் தகுதி. அமெரிக்க விவசாயத் துறையின் செயலாளர் ஒரு கவுண்டியை அப்படி அறிவித்தால், அந்தக் கவுண்டியிலும் அதை ஒட்டிய கவுண்டிகளிலும் உள்ள விவசாயிகள் எட்டு மாதங்களுக்குள் அவசரக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். உச்சவரம்பு 5 லட்சம் டாலர். வேறு எந்த வங்கியும் கடன் தர மறுத்தால்தான் இது கிடைக்கும். வாங்கினால் வட்டியோடு கட்ட வேண்டும். நான் இந்தப் பகுதியில் மாடு வளர்ப்பவர்களுக்கும் பருத்தி, சோளம் போடுபவர்களுக்கும் வரிக் கணக்கு எழுதுகிறேன். அறிவிப்பு வந்த வாரமே "செக் எப்போது வரும்?" என்று போன் செய்பவர்கள் ஒவ்வொரு வறட்சியிலும் உண்டு. அவர்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கும்.

ஆளுநர் செய்யும் அறிவிப்பு வேறு. 2024 பிப்ரவரி 26 அன்று ஹட்சின்சன் கவுண்டியில் ஸ்டின்னெட் ஊருக்கு அருகே தீ பிடித்து, காற்றில் பரவி ஓக்லஹோமா வரை போனது நினைவிருக்கலாம். ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ என்று பெயர். மறுநாளே ஆளுநர் 60 கவுண்டிகளுக்குப் பேரிடர் அறிவிப்பு செய்தார். அது தீயணைப்பு ஆட்களையும் வண்டிகளையும் வேகமாகக் கொண்டுவருவதற்கானது. விவசாயியின் கணக்கில் பணம் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அப்படியானால் பணம் எங்கிருந்துதான் வருகிறது? மூன்று இடங்களிலிருந்து. 2014 விவசாயச் சட்டம் நிரந்தரமாக்கிய சில நிவாரணத் திட்டங்கள் முதலாவது. அரசு மானியத்தோடு தனியார் கம்பெனிகள் விற்கும் பயிர்க் காப்பீடு இரண்டாவது. பெரிய பேரிடருக்குப் பிறகு நாடாளுமன்றம் அவ்வப்போது தனியாக ஒதுக்கும் தொகை மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஆனால் மூன்றிலும் ஒரு விஷயம் பொது. நஷ்டப்பட்டதற்கு முன்பே உங்கள் பெயரும் நிலமும் மாடும் காகிதத்தில் ஏறியிருக்க வேண்டும். நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டது அதுதான், உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியதும் அதுதான்.

அந்தத் தீயையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன், அப்போது புரியும். அது 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. டெக்ஸாஸ் வரலாற்றிலேயே பெரிய தீ. இரண்டு பேர் இறந்தார்கள், 7,000க்கு மேல் மாடுகள் செத்தன. மிக மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று ஹெம்ப்ஹில் கவுண்டி. அதன் தலைமையிடம் கனேடியன் என்ற சிறிய ஊர். கவுண்டியின் மொத்த மக்கள்தொகையே நாலாயிரத்தைத் தொடாது. பெரும்பாலும் புல்வெளி, மாடு, வேலி. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கத் துறை அந்தத் தீத்தொடரின் விவசாய நஷ்டத்தை 12 கோடியே 30 லட்சம் டாலர் என்று முதல் மதிப்பீடு செய்தது. அதில் பாதிக்கு மேல் வேலி உள்ளிட்ட கட்டமைப்புகள்.

இப்போது அந்தக் கவுண்டியில் ஒரு மாட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரியில் அவருக்கு மாடு செத்தது, வேலி எரிந்தது, புல் கருகியது, அடுக்கி வைத்திருந்த வைக்கோல் உருளைகளும் போயின. அவரைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே நஷ்டம். அரசுக்கு அவை வெவ்வேறு நஷ்டங்கள், வெவ்வேறு படிவங்கள்.

செத்த மாட்டுக்குக் கால்நடை இழப்பீட்டுத் திட்டம். சுருக்கமாக எல்.ஐ.பி. என்பார்கள். அந்த வகை மாட்டின் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் கொடுப்பார்கள். மொத்த மந்தையில் வழக்கமாகவே வருடத்துக்கு இத்தனை சதவீதம் சாகும் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அதைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பணம். உதாரணமாக, அந்த அளவு ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 200 மாட்டு மந்தையில் 30 செத்தால் 27க்குத்தான் கணக்கு. மடி வெந்தும் குளம்பு கழன்றும் உயிரோடு நின்ற மாடுகளும் நிறைய. அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டிவந்தால், விலை குறைந்த அளவுக்கு இந்தத் திட்டத்திலேயே ஈடு உண்டு.

இதில் நெடுநாள் ஒரு அநியாயம் இருந்தது. பிப்ரவரிக் கடைசி என்றால் இந்தப் பகுதியில் மாடுகள் கன்று போடும் காலம். நிறைசினைப் பசு எரிந்து செத்தால் பசுவுக்கு மட்டும்தான் பணம். வயிற்றிலிருந்த கன்று கணக்கிலேயே வராது. மன்னார்குடிப் பக்கம் பிறந்த உங்களுக்கு இது எப்படி வலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான வரி, செலவினச் சட்டத்தில் இதைச் சரிசெய்தார்கள். பிறக்காத கன்றுக்கும் ஒரு தொகை உண்டு என்றும், 2024 ஜனவரி 1 முதல் நடந்த இழப்புகளுக்கும் அது பொருந்தும் என்றும் எழுதினார்கள். ஆகவே அந்தத் தீயில் செத்த சினைமாடுகளும் அதற்குள் வருகின்றன. அன்றைக்கே சினைமாடுகளைத் தனியாகக் குறித்து வைத்தவருக்கு இது சுலபம். 'பசு 30' என்று மட்டும் எழுதியவர் ஒரு வருடம் கழித்து எதைக் காட்டுவார்?

வேலிக்கு அவசரப் பாதுகாப்புத் திட்டம் என்று வேறொன்று. அது செலவைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம். திரும்பக் கட்டும் செலவில் 75 சதவீதம் வரை அரசு தரும். புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள் போன்றோருக்கு 90 சதவீதம் வரை. இங்கே ஒரு மைல் முள்கம்பி வேலி போட பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும், பல மைல் வேலி இல்லாத பண்ணையே கிடையாது. அதனால் சொந்தக் கையிலிருந்து போட வேண்டிய 25 சதவீதமே பெரிய தொகை. வேலை தொடங்கும் முன் விவசாயத் துறையின் கவுண்டி அலுவலகத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி இதில்தான் ஆட்களைக் கவிழ்க்கிறது. நெடுஞ்சாலை ஓரம் வேலி எரிந்து கிடந்தால் மாடு சாலைக்குப் போய்விடும், யாராவது வண்டியில் மோதிச் சாவார்கள். அதற்குப் பயந்து ராவோடு ராவாக வேலி போட்டவர்கள் உண்டு. அவசர நிலைகளுக்கு விதிவிலக்கு இருந்தாலும், அதையும் கேட்டுப் பெற்றுத்தான் ஆக வேண்டும்.

கருகிய புல்லும் எரிந்த வைக்கோலும் இன்னொரு திட்டத்தில் வரும், இ.எல்.ஏ.பி. என்று பெயர். இதில் ஒரு விசித்திரம் உண்டு. உங்கள் பத்திரிகைச் செய்தியில் இருந்திருக்கக்கூடிய மேய்ச்சல் நிவாரணத் திட்டம், அதாவது எல்.எஃப்.பி., வறட்சிக்கு எந்த நிலத்திலும் பொருந்தும். தீக்கு என்று வரும்போது ஃபெடரல் அரசின் நிலத்தில் வாடகைக்கு மேய்ப்பவர்களுக்கு மட்டும்தான். சொந்த நிலத்துப் புல் எரிந்தால் இ.எல்.ஏ.பி.தான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரசு நிலத்தில் மேய்ப்பவர்கள் அதிகம். டெக்ஸாஸில் நிலம் ஏறக்குறைய எல்லாமே தனியார் கையில் இருக்கிறது. ஆகவே தவறான படிவத்தைக் கேட்டு வரிசையில் நின்று திரும்பியவர்கள் இங்கே நிறையப் பேர்.

உங்கள் வீட்டுக்காரரின் பிரச்சினை வறட்சி. அவருக்கு உண்மையில் பணம் தரக்கூடியது அந்த எல்.எஃப்.பி. இதில் யாரும் வந்து அவருடைய புல்லைப் பார்க்கப் போவதில்லை. ஒரு வரைபடத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் ஃபெடரல் துறைகளும் சேர்ந்து 1999 முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிடும் வறட்சி வரைபடம் அது. மஞ்சளில் தொடங்கி அடர்சிவப்பு வரை ஐந்து நிலைகள். டி0 என்றால் வழக்கத்தைவிட உலர்ந்திருக்கிறது. டி2 கடும் வறட்சி, டி3 மிகக் கடுமை, டி4 அதற்கும் மேல். கவுண்டியில் அந்த வகைப் புல்லுக்கான மேய்ச்சல் காலத்தில் டி2 தொடர்ந்து எட்டு வாரம் இருந்தால் ஒரு மாதத் தொகை என்பது பழைய விதி. 2025 சட்டம் அதைத் தொடர்ந்து நான்கு வாரம் என்று குறைத்தது, எட்டு வாரத்தில் ஏழு வாரம் இருந்தால் இரண்டு மாதத் தொகை என்றும் சேர்த்தது. டி3 ஒருமுறை தொட்டாலே மூன்று மாதத் தொகை. டி3 நான்கு வாரம் இருந்தாலோ டி4 ஒருமுறை தொட்டாலோ நான்கு. டி4 நான்கு வாரம் நீடித்தால் ஐந்து.

கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதியில் அந்த நிறம் பட்டால் போதும், கவுண்டி முழுக்கத் தகுதி வந்துவிடும். தெற்கு மூலையில் ஒரு துண்டு சிவந்தால் வடக்கு மூலையில் மழை பெய்தவருக்கும் பணம். எல்லைச் சாலைக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கவுண்டியில், அதே காய்ந்த புல்லை வைத்திருப்பவருக்கு ஒன்றும் இல்லை. விதி எழுதியவர்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு பண்ணையாகப் போய் அளப்பதைவிட இது வேகமாக நடக்கிறது, ஊழலுக்கும் இடம் குறைவு. ஆனாலும் சாலையின் இரண்டு பக்கத்தவருக்கும் கணக்கு எழுதுபவன் என்ற முறையில், இந்தப் பக்கத்தவரின் வருமானக் காகிதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தவரின் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

தொகை எவ்வளவு என்று கேட்டீர்கள். ஒரு மாதத் தீவனச் செலவு என்று அரசு ஒரு கணக்கு வைத்திருக்கும், அதில் 60 சதவீதம். மாடுகளின் எண்ணிக்கைப்படி ஒரு கணக்கும், நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்பதன்படி ஒரு கணக்கும் போட்டு, எது குறைவோ அதைத் தருவார்கள். பேச்சுக்கு ஒரு மாட்டுக்கு மாதம் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சதவீதம் 36 டாலர். 40 மாட்டுக்கு 1,440. மூன்று மாதத் தொகை கிடைத்தால் 4,320 டாலர். அதிலும் ஃபெடரல் செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 5.7 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். வருமான வரியும் உண்டு. வறட்சி தாங்காமல் மாட்டை முன்பே விற்றுவிட்டவருக்கும், விற்ற மாட்டுக்கு வழக்கமான தொகையில் 80 சதவீதம் கிடைக்கும். இது பலருக்குத் தெரியாது.

உங்கள் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டால், அங்கே 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இரண்டு ஹெக்டேர் வரை என்பது மாநிலப் பேரிடர் நிதியின் விதிமுறை. வி.ஏ.ஓ.வும் விவசாயத் துறை ஆட்களும் வயலுக்கு வந்து பார்ப்பார்கள், தாமதமானாலும் பார்ப்பார்கள். இங்கே உச்சவரம்பு பெரிது, மேய்ச்சல் திட்டத்தில் ஒருவருக்கு வருடத்துக்கு 1,25,000 டாலர் என்ற அளவில் வைத்திருந்தார்கள். ஆனால் வயலுக்கு வருபவர் யாரும் இல்லை. விவசாயிதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

அந்த அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பண்ணைச் சேவை முகமை, எஃப்.எஸ்.ஏ. என்பார்கள். கவுண்டித் தலைமையிடத்தில் ஒரு சின்னக் கட்டடம், உள்ளே மூன்று நான்கு பேர். நாடு முழுக்க இப்படி 2,000க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் அந்தக் கவுண்டி விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி இருக்கிறது, 3 முதல் 11 பேர். 1930களிலிருந்து வரும் ஏற்பாடு இது. அந்தக் காலத்து டஸ்ட் பவுல் என்ற புழுதிப்புயல் வறட்சி உங்கள் அமரில்லோ பக்கத்தைத்தான் சுடுகாடாக்கியது. 1934இல் அரசே அவசரக் கவுண்டிகளில் மாடுகளைப் பணம் கொடுத்து வாங்கியது. எலும்பும் தோலுமாக இருந்தவற்றை அங்கேயே கொன்றார்கள், தேறியவற்றின் இறைச்சி ஏழைகளுக்குப் போனது. கவுண்டி கவுண்டியாகப் பேரிடரைப் பார்க்கும் பழக்கம் இந்த நாட்டில் அப்போதே வேரூன்றிவிட்டது.

உள்ளூர்க்காரர்களே முடிவெடுப்பதில் பெரிய நன்மை உண்டு, நிலமும் காற்றும் தெரிந்தவர்கள். அதே காரணத்தால் பெரிய கொடுமையும் நடந்தது. தென் மாநிலங்களில் கமிட்டிகள் வெள்ளை நிலக்காரர்களின் கையில் இருந்தன. கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்களும் பேரிடர் நிவாரண மனுக்களும் தள்ளிப்போடப்பட்டன, மறுக்கப்பட்டன. 1997இல் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசத்துக்கு வந்தது. அதில் 100 கோடி டாலருக்கு மேல் அரசு கொடுக்க நேர்ந்தது. 2010இல் இரண்டாம் சமரசத்துக்கு இன்னும் 125 கோடி. பணம் வந்தபோது அவர்களில் பலருக்கு நிலம் கையில் இல்லை.

காகிதமும் அங்கே ஒரு ஆயுதமாக வேலை செய்தது. தாத்தா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், நிலம் பத்துப் பதினைந்து வாரிசுகளுக்குப் பொதுவில் கிடக்கிறது, ஒருவர் உழுதுகொண்டிருக்கிறார் என்று வையுங்கள். தெளிவான பத்திரம் இல்லாததால் அவருக்கு எஃப்.எஸ்.ஏ. தரும் பண்ணை எண் கிடைக்காது. பண்ணை எண் இல்லையென்றால் எந்த நிவாரணமும் இல்லை. கூட்டுப் பட்டாவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதனைதான். 2018 விவசாயச் சட்டம்தான் வேறு சான்றுகளைக் காட்டியும் எண் வாங்கலாம் என்று வழிசெய்தது.

பதிவேட்டில் இருந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடுகிறது என்றும் நினைக்க வேண்டாம். மேய்ச்சல் திட்டமும் கால்நடை இழப்பீடும் 2008 சட்டத்தில் வந்தவை, 2011 செப்டம்பர் 30 அன்று காலாவதியாயின. சரியாக அந்த நேரத்தில்தான் டெக்ஸாஸின் 2011 வறட்சியும், அடுத்து 2012இல் நாட்டின் நடுப்பகுதி முழுவதையும் பிடித்த வறட்சியும். காலாவதியான தேதிக்குப் பிறகு நடந்த இழப்புகளுக்குக் கொடுக்கச் சட்டம் இல்லை. மாட்டுக்காரர்கள் பலர் மந்தையைக் குறைத்து விற்றார்கள். 2014 ஜனவரியில் நாட்டின் மாட்டு எண்ணிக்கை 1951க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியிருந்தது.

அதற்கு நடுவில் தெற்கு டகோட்டாவில் நடந்ததை நான் அடிக்கடி எங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வேன். 2013 அக்டோபர் முதல் வாரம். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலில், குளிர்கால உரோமம் வளரவில்லை. முதலில் மழை பெய்து நனைத்தது, அப்புறம் பனிப்புயல். பல்லாயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. அப்போது வாஷிங்டனில் வரவுசெலவுச் சண்டையில் ஃபெடரல் அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இல்லை. நிவாரணத் திட்டமும் காலாவதி. பணம் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லாத அந்த நாட்களில், செத்த மாட்டின் காது அடையாளத்தை எண்ணி, போட்டோ எடுத்து, கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்கள், 2014 பிப்ரவரியில் சட்டம் வந்து பழைய இழப்புகளுக்கும் பொருந்தும் என்றபோது மனுவோடு தயாராக இருந்தார்கள். அக்கம்பக்கத்து மாநிலங்களின் மாட்டுக்காரர்கள் அந்தக் குளிர்காலத்திலேயே கிடாரிகளை லாரியில் ஏற்றித் தானமாக அனுப்பினார்கள். அரசின் பணத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது அதுதான்.

மூன்றாவது வழியான நாடாளுமன்றத்தின் சிறப்பு ஒதுக்கீடு பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. தொகை பெரிது. 2020, 2021 பயிர் இழப்புகளுக்கு 1,000 கோடி டாலர், 2021 செப்டம்பரில் ஒதுக்கினார்கள். 2023, 2024 இழப்புகளுக்கு 2024 டிசம்பரில் சட்டம் போட்டார்கள், 2,000 கோடிக்கு மேல். அதில் பயிர் விவசாயிகளுக்கான முதல் கட்டம் 2025 ஜூலை 10 அன்றுதான் திறந்தது. அப்போதும் கணக்கிட்ட தொகையில் 35 சதவீதம்தான் முதல் தவணை. 2023 மே மாதம் ஆலங்கட்டியில் பருத்தி போனவருக்கு இரண்டு வருடம் கழித்து மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் அவர் சாகுபடிக் கடனை அடைக்க டிராக்டரை விற்றிருப்பார், இல்லையென்றால் நிலத்தை விற்றிருப்பார். அடுத்தமுறை ஒதுக்குவார்களா என்பதும் தெரியாது. எந்த வங்கியும் அந்த நம்பிக்கையின் மேல் கடன் தராது.

இதில் யாருக்கு எளிதாகக் கிடைக்கிறது என்றால், பயிர்க் காப்பீடு வைத்திருந்தவருக்கு. 2022இல் காப்பீட்டுக் கம்பெனிகளிடம் ஏற்கெனவே இருந்த விவரங்களை எடுத்து, படிவத்தை நிரப்பியே வீட்டுக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டால் பணம். நிர்வாகத்துக்கு அது நல்ல யோசனை, வேகமாக நடந்தது. ஆனால் காப்பீடே இல்லாத காய்கறிக்காரர், பழத்தோட்டக்காரர், சந்தையில் நேரடியாக விற்பவர் எல்லாம் இரண்டாம் கட்டத்தில் வருமானக் கணக்குகளை அடுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கென்று என்.ஏ.பி. என்று ஒன்று இருக்கிறது. பயிருக்கு 325 டாலர் கட்டணம், ஒரு கவுண்டியில் அதிகபட்சம் 825. பாதிக்கு மேல் விளைச்சல் போனால்தான், அதுவும் சந்தை விலையில் 55 சதவீதம்தான் அடிப்படைத் திட்டத்தில். இருபது வகைக் காய் போடும் சிறு விவசாயி ஒவ்வொன்றுக்கும் விதைத்த தேதியும் அளவும் எழுதிக்கொடுத்து அதை வாங்குவதற்குள் அலுத்துப்போகிறார்.

தளர்வாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2002, 2003இல் கால்நடை ஈட்டுத் திட்டம் என்று ஒன்று இருந்தது, மொத்தம் 120 கோடி டாலர். நஷ்டத்தை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை, கவுண்டி பேரிடர் பட்டியலில் இருந்தால் போதும். வாஷிங்டன் போஸ்ட் 2006இல் ஆராய்ந்து பார்த்தபோது, அதில் 63 கோடியே 50 லட்சம் மிதமான வறட்சியோ வறட்சியே இல்லாமலோ இருந்த பகுதிகளுக்குப் போயிருந்தது. 2003இல் கொலம்பியா விண்கலம் வெடித்துச் சிதறியபோது கிழக்கு டெக்ஸாஸில் பாகங்கள் விழுந்ததற்காகப் பேரிடர் அறிவிக்கப்பட்ட கவுண்டிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இன்றைக்குக் கேட்கும் காகிதங்கள் ஏன் இவ்வளவு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். என் ஆசை காகிதம் குறைய வேண்டும் என்பதல்ல. அதை நிரப்பத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப ஒவ்வொரு கவுண்டி அலுவலகத்திலும் இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எஃப்.எஸ்.ஏ. அலுவலகத்தில் அவருக்குப் பண்ணை எண் இருக்கிறதா? வருடந்தோறும் அங்கே கொடுக்கும் பரப்பு அறிக்கையில், விதைத்த பயிரோடு மேய்ச்சல் புல்லையும் எழுதினாரா? புல்தானே என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். நிலம் குத்தகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? வாய்ப்பேச்சுக் குத்தகை என்றால் நிலக்காரரிடம் இப்போதே ஒரு தாள் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மாட்டு எண்ணிக்கைக்கு வங்கிக் கடன் பத்திரம், தடுப்பூசி ரசீது, விற்பனைச் சீட்டு எது இருந்தாலும் ஒரே உறையில் போட்டு வைக்கட்டும். மறுத்து ஒரு கடிதம் வந்தால் அதோடு விட வேண்டாம், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கென்று தனி அமைப்பே இருக்கிறது. இந்த வருட வறட்சிக்கு மனுக் கொடுக்க அடுத்த மார்ச் 1 வரை நேரம் உண்டு. ஆனால் அலுவலகத்தில் சந்திப்புக்கு நாள் கிடைக்கவே சில வாரம் ஆகும், அதனால் இந்த வாரமே அவரைப் போன் செய்யச் சொல்லுங்கள்.